கப்பல் பார்க்கப் போய் வெள்ளிக்கிழமையின் விலையைக் கேட்டு வந்தேன்

இந்தப் பக்கத்தை வழமையாக வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த முறை கடற்கரையும் இல்லை, புரியாணிக் கடையும் இல்லை. கல்முனையிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு நாள் சும்மா போய்வரக் கிளம்பி, ஆறு நாள் நின்றுவிட்டு வந்த கதை இது. ஒரு சாரன், ஒரு சேர்ட், ஒரு சோடி ரப்பர்ச் செருப்பு, இவ்வளவுதான் கொண்டு போனேன். திரும்பி வரும்போது தலைமயிர் கொஞ்சம் நரைத்திருந்தது என்று தங்கச்சி சொல்கிறாள். அவள் சும்மா சொல்லக்கூடியவள் அல்ல.

போன பெரும்போகத்தில், விதைப்பு முடிந்து வயலுக்கு உரம் தேடி எல்லோரும் அலைந்துகொண்டிருந்த நேரம். என் தங்கச்சி ஜெஸீமாவின் கணவர் நௌசாத், சம்மாந்துறை ஆலைக்காரர் ஒருவரோடும் அக்கரைப்பற்றுக் கடைக்காரர் ஒருவரோடும் கூட்டுச் சேர்ந்து, ஒரு சின்னக் கப்பலை முழுதாக வாடகைக்குப் பிடித்து மூவாயிரம் தொன் யூரியா கொண்டுவந்திருந்தார். ஐம்பது கிலோப் பைகளில் அறுபதாயிரம் பை. கப்பல் திருகோணமலைக்கு வந்துவிட்டது, புதனும் வியாழனும் பை இறக்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தங்கச்சி வீட்டில் சாப்பிடும்போதுதான் மச்சான் எனக்கு அழைப்பு விடுத்தார்.

“நாளைக்கு வாங்க மச்சான், எங்கட கப்பலப் பாருங்க. அங்க நிண்டு ஒரு போட்டோ எடுத்து உங்கட பக்கத்துல போடுங்க.”

“கப்பல் இறக்குற வேலைய உட்டுப்போட்டு நீங்க இஞ்ச என்ன செய்ற?” என்று கேட்டேன்.

“இண்டைக்கு வெள்ளிதானே. லொறிக்காரனுகள் எல்லாம் நேத்துப் பின்னேரமே ஊருக்கு வந்துட்டானுகள். நானும் அவனுகளோட வந்த. இன்னும் நாலு நாள் கையில இரிக்கி. அவசரமில்ல.”

அன்று வீட்டுச் சாப்பாடு நிதானமாக இருந்தது. ஜெஸீமா மற்ற நாட்களில் லொறித் தரிப்பிடத்துக்கு முப்பது நாற்பது சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பவள். வெள்ளிக்கிழமை லொறி ஓடாது, பார்சலும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆலை, தறி, மேசன் வேலை எல்லாம் வெள்ளியில் படுத்துவிடும். நிந்தவூரில் இருந்து மருதமுனை வரை கடைத்தெருவைப் பார்த்தால் ஊரே குளித்து முழுகி, தலை சீவி, அத்தர் பூசி நிற்கும். பிறந்ததில் இருந்து பார்த்து வருவதால் அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

சனிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு அதிகாலை 5.15க்கு, காதர் காக்காவின் பத்துத் தொன் லொறியில் முன்னுக்கு மூன்று பேராக ஏறினோம். பதினைந்து லொறிகள் வரிசையாகப் போயின. பயணச் செலவு எனக்குப் பூச்சியம், ஆனால் கியர்ப் பொல்லு என் முழங்காலில் இடித்ததற்கு யாராவது நட்டஈடு தரவேண்டும். மட்டக்களப்பு 6.25. ஓட்டமாவடியில் 7.20க்கு இறங்கி ரொட்டியும் பிளேன்டீயும், மூன்று பேருக்கும் 540 ரூபா. அந்தக் கடையில் சம்பல் நல்ல காரம், தைரியமாக நிறுத்துங்கள்.

காதர் காக்காவிடம் கேட்டேன், “வெள்ளிக்கிழமையும் ஓடினாக் கூடக் கொஞ்சம் காசு வருமே காக்கா?”

“இருபத்தாறு வருசம் லொறி ஓட்டுற, வெள்ளியில சாவியத் தொட்டதில்ல தம்பி. ஆரும் கேட்டதும் இல்ல.”

மச்சான் தலையாட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாழைச்சேனைக்குப் பிறகு பாதை சும்மா ஆளை மயக்கும். வாகரை வரை ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் மாறி மாறி எட்டிப்பார்க்கும். பனிச்சங்கேணிப் பாலத்தில் கைப்பேசியை வெளியே நீட்டிப் படம் எடுத்தேன். வெருகலில் ஆறு கலங்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் இந்தப் பாதையால் போகிறவர்கள் முதல்நாளே வெருகல் நிலைமையை விசாரித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாதையில் ஏறினால் சுற்றுப்பாதை மிகத் தூரம். கிண்ணியாவில் மச்சான் வாடகைக்கு எடுத்திருந்த களஞ்சியத்தைக் காட்டினார். கப்பலில் இருந்து லொறிகள் பையை அங்கேதான் கொண்டுவந்து கொட்டும், பிறகு மெதுவாக ஊருக்கு ஏற்றலாம் என்பது ஏற்பாடு. துறைமுக வாசலுக்கு வந்தபோது 10.50. கல்முனையில் இருந்து லொறி மீற்றர்படி 174 கிலோமீற்றர்.

வாசலில் எனக்கு முதல் அதிர்ச்சி. செருப்போடு உள்ளே விடமாட்டார்களாம். அடையாள அட்டை, அனுமதிச் சீட்டு, தலைக்கவசம், மூடிய சப்பாத்து எல்லாம் வேண்டும். காதர் காக்காவின் உதவியாளர் ஒருவரிடம் இரண்டு அளவு பெரிய பூட்ஸ் கடன் வாங்கி, வாத்து நடப்பதுபோல் நடந்து உள்ளே போனேன். அந்த அதிர்ச்சிக்காக அவ்வளவு கோபப்பட்டேனே என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கப்பல் அழகாகத்தான் இருந்தது. பச்சைப் பெயின்ற், இரண்டு பாரந்தூக்கி, மேலே கொடியில் கழுவிக் காயப்போட்ட மாலுமிகளின் உடுப்பு. படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கப்பல் முகவர் அலுவலகத்தைச் சேர்ந்த யோகராசா அண்ணன் வந்தார். திருகோணமலைக்காரர், ஐம்பது வயதிருக்கும், காதில் பேனை. முகவர் என்பவர் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் சரக்குக்காரருக்கும் நடுவில் நின்று கடதாசி வேலை பார்ப்பவர். அவர் மச்சானைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை.

“தம்பி, நேற்று எங்கை போனியள்? நாலு கூட்டம் தொழிலாளிகள் விடிய வந்து நிண்டவை. ஒரு லொறியும் இல்லை.”

“நேத்து வெள்ளியல்லவா அண்ணன், லீவுதானே,” என்றார் மச்சான், மிகச் சாதாரணமாக.

யோகராசா அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், மேசையில் ஒரு தாளை விரித்தார். கோடு போட்டு, நாளும் மணியும் எழுதிய நேரக் கணக்கு.

“உங்கடை ஆறு நாளிலை அஞ்சு நாள் இண்டைக்கு மத்தியானம் ஒரு மணியோடை முடியுது. இன்னும் ஒரு நாள்தான் மிச்சம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. புதனும் வியாழனும் இரண்டு நாள் வேலை செய்தவர்களுக்கு ஐந்து நாள் முடிந்தது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அவர் பொறுமையாக விளக்கினார். உங்களில் யாராவது நாளைக்குக் கப்பல் பிடிக்க நேர்ந்தால் உதவும் என்பதால் எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். கப்பலை வாடகைக்குப் பிடிக்கும்போது, சரக்கு இறக்க இவ்வளவு நேரம் இலவசமாகத் தருகிறோம் என்று கப்பல்காரன் எழுதித் தருவான். அதற்கு லேடைம் என்று பெயர். எங்கள் ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 500 தொன் என்று இருந்தது, ஆக 3,000 தொன்னுக்கு ஆறு நாள். அதற்குள் இறக்கினால் ஒரு சதமும் இல்லை. முந்தி முடித்தால் கப்பல்காரனே மிச்ச நேரத்துக்குப் பாதி விலையில் காசு திருப்பித் தருவான், மச்சான் அந்தக் காசையும் மனசுக்குள் எண்ணி வைத்திருந்தார். ஆறு நாளைத் தாண்டினால் நாம் கட்டவேண்டும். அதுதான் டெமரேஜ். எங்கள் கப்பலுக்கு ஒரு நாளைக்கு 3,500 டொலர், அன்றைய கணக்கில் பத்தரை இலட்சம் ரூபா. மணித்தியாலத்துக்கும் நிமிடத்துக்கும் பிரித்துப் பிரித்து வாங்குவார்கள்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதுதான் முதல் அடி. நாங்கள் நினைத்தது முதல் பை தரையில் விழுந்த புதன்கிழமை காலை. அது இல்லையாம். திங்கட்கிழமை காலை கப்பல் குடாவுக்குள் நங்கூரம் போட்டு, கப்டன் 10.40க்கு “நான் தயார்” என்று எழுத்தில் அறிவித்துவிட்டார். மத்தியானத்துக்கு முந்தி அறிவித்தால் அன்று ஒரு மணிக்கே நேரம் ஓடத் தொடங்கும். துறைமேடையில் அப்போது வேறு கப்பல் நின்றது, எங்கள் கப்பலுக்கு இடம் கிடைத்தது செவ்வாய் பின்னேரம்தான். ஆனால் மேடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நேரம் ஓடும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடந்தது. கடலில் சும்மா நின்ற கப்பலுக்கு நாங்கள் நேரத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது அடி வெள்ளிக்கிழமை. கணக்கில் சேராத நாட்கள் என்று எழுதியிருந்தது ஞாயிறும் அரச விடுமுறையும் மட்டும். வெள்ளி அங்கே வேலை நாள். அதாவது வெள்ளியன்று தொழிலாளி இருந்தான், பாரந்தூக்கி இருந்தது, மேடை இருந்தது, கடிகாரமும் ஓடியது. லொறி மட்டும் கல்முனையில் கழுவித் துடைத்து நின்றது.

“ஓம்… ஆனா விடுமுறை எண்டு போட்டிருந்திச்சே,” என்றார் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே மச்சான் வாசிச்சுச் சொன்ன, எல்லாம் சரியா இரிக்கி எண்டு.”

உண்மைதான். இரண்டு மாதத்துக்கு முந்தி கொழும்புத் தரகர் கைப்பேசியில் அனுப்பிய ஒப்பந்தத்தை மச்சான் என்னிடம்தான் காட்டினார், எனக்கு இங்கிலீஸ் தெரியும் என்று. நான் தோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் ஏழு வருடம் நேரம் குறிக்கும் வேலை பார்த்தவன். அங்கே வாராந்த விடுமுறை வெள்ளி. பிறந்த ஊரிலும் வெள்ளி. “ஞாயிறும் விடுமுறை நாட்களும் கணக்கில் சேரா” என்ற வரியைப் பார்த்தபோது, ஞாயிறைக் கூடுதலாகத் தருகிறான், வெள்ளி எப்படியும் விடுமுறைக்குள் அடங்கும், நல்ல மனுசன் என்று நினைத்து மேலே போய்விட்டேன். அடுத்தவனின் நேரத்தை ஏழு வருடம் நிமிடம் பிசகாமல் எழுதிய நான், சொந்தக் குடும்பத்தின் நேரத்தில் ஒரு முழு நாளை விட்டுவிட்டேன்.

வெளியே வந்து மச்சானைத் தேற்றலாம் என்று, “விடுங்க, லாபம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே,” என்றேன்.

அவர் லொறியின் சில்லில் கைவைத்துக்கொண்டு நின்றார். “மூணு பேரும் வேலையப் பிரிச்ச நேரம் துறைமுகப் பொறுப்பு என்ட எண்டு எழுதிக் குடுத்த. சுணங்கினா நான்தான் கட்டணும். மூணு நாள் வரைக்கும் என்ட லாபத்துல தாங்கும் மச்சான். அதத் தாண்டினா பேங்குக்குக் கட்ட ஒண்டும் இரிக்காது.”

“பேங்குக்கு என்ன வெச்ச?”

“வளவு உறுதிய.”

எங்கள் பக்கத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு பெண்ணுடையது. கலியாணத்துக்கு முந்தி பெண்ணின் பேரில் வளவு எழுதி வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். வாப்பா இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பு நானாமாருக்கு, அதாவது அண்ணன்மாருக்கு, வரும். ஜெஸீமாவின் வீட்டைக் கட்டத்தான் நான் ஏழு வருடம் தோஹாவில் இருந்தேன். அந்த உறுதி, அதாவது வளவின் பத்திரம், வங்கியில் இருக்கிறது, அவளே கையெழுத்து வைத்திருக்கிறாள், என்னிடம் இருவரும் மூச்சு விடவில்லை. நான் மச்சானைப் பார்த்துக் கத்தியிருப்பேன், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தத் தாளைச் சரி என்று சொன்னவன் நான். கத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

யோகராசா அண்ணன் பின்னால் வந்து நின்றார். “ஒரு நல்ல வரியும் இருக்குது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தாலும் கணக்கிலை சேராது எண்டு போட்டுக் கிடக்கு. நாளைக்கு இறக்கிற ஒவ்வொரு பையும் உங்களுக்குச் சும்மா. கூட்டங்களுக்கு ஞாயிற்றுக் கூலி குடுக்கச் சம்மதமோ?”

மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை 250 தொன் இறங்கியது. ஞாயிறு காலை 8 தொடக்கம் இரவு 10 வரை 650 தொன். பதினைந்து லொறிகளும் துறைமுகத்துக்கும் கிண்ணியாவுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி ஓடின. பூட்ஸ் திருப்பிக் கொடுக்க நேரமில்லாமல் நான் களஞ்சியத்தில் பை எண்ணினேன், காலில் கொப்புளம். அன்று மாலை மட்டும் எங்களுக்குள் கொஞ்சம் பகிடி இருந்தது.

தங்கியது துறைமுக வாசலில் இருந்து முச்சக்கர வண்டியில் 400 ரூபா தூரத்தில் ஒரு விடுதி. இரண்டு கட்டில், மின்விசிறி, 3,500 ரூபா. சுத்தம், தண்ணீரும் தாராளம். ஆனால் சுவர் மெல்லியது, பக்கத்து அறைக்காரரின் குறட்டையும் வாடகைக்குள் அடக்கம். எனக்கு மட்டும் அந்த 3,500 ஒவ்வொரு முறையும் டொலராகவே தெரிந்தது.

திங்கள் மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் ஆறு நாள் தீர்ந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. யோகராசா அண்ணன் தாளில் ஒரு கோடு போட்டார், பாரந்தூக்கி அதே மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இனி மூன்று நாள், வியாழன் ஒரு மணிக்குள் மிச்சம் இறங்கவேண்டும். பின்னேரம் நான்கு மணிக்கு வானம் கறுத்து, கொட்டத் தொடங்கியது. யூரியா நனைந்தால் பாகாகிவிடும், கப்பலின் மூடியை இழுத்து மூடிவிட்டார்கள். அன்று இறங்கியது 350 தொன், இன்னும் 900.

செவ்வாய்க்கிழமை போயா, பௌர்ணமி நாள். அரச விடுமுறை, போதாததற்கு விடிய விடிய மழை. விடுதி விறாந்தையில் இருந்து பார்த்தால் குடா முழுக்கச் சாம்பல் நிறம், கப்பல் இருக்கும் பக்கமே தெரியவில்லை. மச்சான் கொஞ்சம் தெளிவாக இருந்தார். ஒப்பந்தத்தை நான் மறுபடியும் மறுபடியும் வாசித்திருந்தேன், மழை நேரம் சேராது, விடுமுறை சேராது என்று தெளிவாகக் கிடந்தது. இந்த முறை நான் சரியாகத்தான் வாசித்திருந்தேன். யோகராசா அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து, “இண்டைக்கு ரெண்டுக்கும் கழியும்தானே?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. அந்தச் சலுகையெல்லாம் அந்த ஆறு நாளுக்குள்ளைதான். டெமரேஜிலை கால் வைச்சாப் பிறகு மழை, போயா, ஞாயிறு, பெருநாள் ஒண்டுமில்லை. எல்லாம் ஓடும்.”

“ஒருத்தரும் வேலை செய்ய ஏலாத நாளுக்குமா?”

“அதுதான் விதி. அந்த நாள் வரமுந்தி நீங்கள் முடிச்சிருக்கவேணும் எண்டு அவை சொல்லுவினம்.”

மச்சானுக்குச் சொன்னேன். அவர் “யா அல்லாஹ்” என்றுவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் விறாந்தையில் இருந்து மழையைப் பார்த்தேன். மழை பெய்யப் பெய்ய ஊரில் எங்கள் ஆட்கள் சந்தோசப்பட்டிருப்பார்கள், வயலுக்கு நல்ல மழை. எனக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம் ரூபாவாக ஓடையில் போனது. தோஹாவில் முதல் வருடம் அந்தக் காசைச் சேர்க்க எனக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

புதன் காலை ஒன்பது மணிக்கு வானம் வெளித்தது. கப்பல் மூடி திறந்தது. இரவு பன்னிரண்டு வரை 675 தொன். மிச்சம் 225. அப்போதுதான் காதர் காக்கா தயங்கித் தயங்கி வந்தார். மறுநாள் வியாழன். பொடியன்கள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பினால்தான் நல்லது, களைத்துவிட்டார்கள், ஐந்து நாள் வீட்டைப் பார்க்கவில்லை என்றார். நான்தான் சொன்னேன். இந்தக் கப்பலில் தங்கச்சியின் வளவு கட்டிக் கிடக்கிறது என்று.

காதர் காக்கா என் பக்கம் திரும்பினார். “ஜெஸீமாட வளவா? அந்தப் புள்ளட சோத்தத் தின்னாத டிரைவர் இதுக்குள்ள ஆரு இரிக்கான்?” என்றார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா வெள்ளியும் ஜும்ஆத் தொழுதுபோட்டு இஞ்சேயே நிண்டிருப்பமே. ஆரும் கேக்கல்லயே தம்பி.”

ஆரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாகக் கேட்காததை அந்த ஒரு வெள்ளியிலும் நாங்கள் கேட்கவில்லை.

வியாழன் காலை ஆறு மணிக்குப் பதினைந்து லொறியும் வரிசையில் நின்றன. கடைசிப் பை 10.20க்கு இறங்கியது. யோகராசா அண்ணன் தாளில் மணியை எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கினார். டெமரேஜ் இரண்டு நாள், இருபத்தொரு மணித்தியாலம், இருபது நிமிடம். பத்தாயிரத்துச் சொச்சம் டொலர், முப்பது இலட்சத்துக்கு மேலே. மச்சானின் லாபம் முழுவதும் போனது. வளவு தப்பியது, இரண்டு மணித்தியாலம் நாற்பது நிமிடத்தில். மச்சான் மேடையிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் பூட்ஸ்காரர் பூட்ஸைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது நான் மட்டும் பேருந்தில் வந்தேன். திருகோணமலை நிலையத்தில் 12.15க்கு ஏறி, கல்முனைக்கு 5.40. 780 ரூபா. வலப்பக்கம் இருந்தால் பின்னேர வெயில், இடப்பக்கம் இருங்கள், கடலும் அந்தப் பக்கம்தான்.

இப்படியொரு பயணம் வாய்க்கப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். துறைமுகத்துக்குப் போவதென்றால் சப்பாத்தும் அடையாள அட்டையும் மறக்காதீர்கள், ஒரு நாளுக்கென்று போனாலும் மூன்று நாள் உடுப்பு எடுங்கள். கப்பல் பிடிப்பதென்றால், கையெழுத்துக்கு முந்தி நேரம் எந்த நிமிடத்தில் ஓடத் தொடங்கும் என்று கேளுங்கள், நங்கூரத்திலா, மேடையிலா. எந்த நாள் சேராது என்பதை நாளின் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெள்ளி வேண்டுமென்றால் வெள்ளி என்று எழுத்தில் வாங்குங்கள், பேரம் பேசினால் தருகிறவர்களும் இருக்கிறார்களாம். லொறி, கூலி, களஞ்சியம் மூன்றும் ஒரே நாளில் வேலை செய்யுமா என்று பாருங்கள். கப்டன் கொடுக்கும் அறிவித்தல் உங்கள் கைக்கு வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாளைக் கூட்டிப் போட்டே கணக்குப் பாருங்கள். முகவர் அலுவலகத்துக்குக் கப்பல் வரும் முதல்நாளே போங்கள், ஐந்து நாள் கழித்துப் போகாதீர்கள்.

மறுநாள் வெள்ளி. ஜும்ஆவில் இருக்கும்போது இமாம் குத்பாவைத் தொடங்கினார், என் மனசு தன்பாட்டில் நிமிடத்துக்கு எழுநூற்றி இருபத்தொன்பது ரூபா என்று எண்ணத் தொடங்கியது. பயந்து போனேன். தலையை உலுப்பிக்கொண்டு இஸ்திஃபார் ஓதினேன், அப்படியும் தொழுகை முடியும்வரை அது முழுதாக நிற்கவில்லை.

தொழுதுவிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அன்று பார்சல் இல்லை, ஆறுதலாக இருந்தாள். எனக்குத்தான் கோபம் பொங்கியது. ஏழு வருட வீட்டை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி வைத்தாய் என்று கேட்டேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சோற்றைப் போட்டு முடித்தாள்.

“நான் கேக்கல்ல, சரி. நீங்க ரெண்டு பேரும் அந்தத் தாள எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டினிங்களா நானா? எனக்கு இங்கிலீஸ் தெரியாது. ஆனா ஆறு நாள் எண்டு சொல்லியிருந்தா நான் ஒண்டுதான் கேட்டிருப்பன். எந்தக் கிழமை கப்பல் வருது, வெள்ளிக்கு லொறிக்கு என்ன செய்யப்போறீங்க எண்டு. பார்சல் கட்டுறவளுக்கு அது தெரியாதா?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மச்சான் மெல்ல, அடுத்த போகத்துக்கு இன்னொரு கப்பல் கதைபடுவதாகச் சொல்லத் தொடங்கினார். ஜெஸீமா சோற்றுச் சட்டியை மூடினாள்.

“நல்லம். தாள் வந்தா மொதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டுங்க,” என்றாள். “வளவு என்ட.”